தோட்ட வரலாற்று மலர் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மலர்க்குழுக்களுக்கும் ஆலயச் செயலவைகளுக்கும் வணக்கம்.

நம் ஊர் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் 1948 ஜூன் 16 தவறாமல் வந்துவிடுகிறது. மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டார்கள், மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, ஜூன் 12இல், பிரிட்டனில் சிபில் கார்த்திகேசு இறந்தார். ஈப்போ பக்கத்துப் பாப்பான் என்ற சிற்றூரில், போர்க்காலத்தில் நாட்டைப் பிடித்திருந்த ஜப்பானியர் கண்ணில் மண்ணைத் தூவி, காட்டுக்குள் இருந்த போராளிகளுக்கு மருந்து போட்ட தாதி அவர். 1943இல் பிடிபட்டு, சித்திரவதையில் உடல் குலைந்தும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்றார். பின்னர் அவர் உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்த ஈப்போ இங்கிருந்து அதிகத் தூரமில்லை. ஆனாலும் நம் மலர்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைப்பது அபூர்வம்.

அவரைச் சேருங்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பதினெட்டு வயதில் சேர்ந்து, பின்னாளில் மேலவை உறுப்பினரான ஜானகி ஆதி நாகப்பனையும், அதே படையிலிருந்து வந்து ஆசிரியைகளின் சம ஊதியத்துக்குப் போராடிய ராசம்மா பூபாலனையும் சேருங்கள். இதெல்லாம் ஒரு பக்கத்தில் முடிகிற வேலை. சிரமம் அதற்கு அப்புறம்தான். அந்தப் படையில் பெரும்பாலோர் பால்மரத் (ரப்பர்) தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். நமக்குப் பெயர் தெரிந்தவர்களோ பட்டணத்தில் படித்த சிலர் மட்டுமே. மற்றவர்களின் பெயரைத் தோட்டத்துக்காரர்களான நாம் தேடாவிட்டால் வேறு யார் தேடப்போகிறார்கள்?

1943இல் 16 வயது என்றால் பிறப்பு 1927. ஆகவே உங்களுக்குக் கதை சொல்லப்போவது பெரும்பாலும் மகளோ பேத்தியோதான். "எங்க ஆத்தா நேதாஜி படையில இருந்தாங்க" என்று கேட்டதும் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். கூட்டத்தில் கலந்துகொண்டதும், நகையைக் கழற்றிக் கொடுத்ததும், சிறுவர்களின் பாலர் சேனையில் இருந்ததும், ராணிப் படையில் துப்பாக்கி பிடித்ததும் பல குடும்பங்களில் ஒரே வாக்கியமாகக் கலந்துபோயிருக்கும். எல்லாமே மதிப்புள்ளவை, ஆனால் வெவ்வேறு. சோதிக்க வழி உண்டு. படையை அமைக்கும் அறிவிப்பு 1943 ஜூலையில் வந்தது. சிங்கப்பூர்ப் பயிற்சி முகாம் அந்த ஆண்டு அக்டோபர் 22இல் தொடங்கியது. அதற்கு முன்பே முகாமுக்குப் போனதாகச் சொன்னால் ஆண்டு பிசகியிருக்கிறது. எந்த முகாம், பர்மா வரை போனாரா, 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது எங்கே இருந்தார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் "குடும்பத்தார் கூற்று" என்று போட்டு அச்சடியுங்கள்.

படைக்குப் போகாதவர்கள்தான் அதிகம். 1942–43இல் ஆண்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபின் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடுப்பெரிய வைத்தவர்கள் அவர்கள். மரவள்ளி எங்கே போட்டார்கள், துணிக்கு என்ன செய்தார்கள், பிள்ளைகளில் யார் தப்பினார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

வேலையைப் பற்றிக் கேட்பதில்தான் மலர்க்குழுக்கள் அதிகம் தவறுகின்றன. "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க பாட்டி" என்றால், "என்னத்தச் சொல்ல, பால் வெட்டுனேன், புள்ள பெத்தேன்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். கையில் பால் வெட்டும் பழைய உளி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். வெட்டு ஏன் இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகை சரிவில் இறங்குகிறது? பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். ஒரு வெட்டுக்குச் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழம் தப்பி உள் படலத்தைத் தொட்டால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டுமுண்டாக வளரும். பிறகு அங்கே உளி ஓடாது. வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் விடியுமுன் தலைவிளக்கு. இதை நானூறு, ஐநூறு மரத்தில் காயமில்லாமல் செய்தவருக்கு 'கூலி' என்று மட்டும் பெயர் வைத்துவிட்டோம். அந்தக் கூலியிலும் வித்தியாசம்: 1920களின் கடைசியில் முக்கிய வட்டாரங்களுக்கு விதித்த நாள்சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

தாய்மார் வேலைக்குப் போனபோது பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆயாக் கொட்டகை பற்றித் தனியாகக் கேளுங்கள். எத்தனை தொட்டில், ஆயா யார், பால்குடிப் பிள்ளைக்காரி எப்போது வந்து போவாள்? தோட்டத்தையே வளர்த்தெடுத்த அந்த ஆயாவின் படம் எந்த மலரிலாவது இருக்கிறதா?

இன்னொன்றும் உண்டு. 1941 கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் துரைமாரும் அதிகாரிகளும் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. பாட்டி அந்தப் பேச்சை எடுத்தால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். "இத எழுதாதப்பா" என்றால் எழுதக்கூடாது, பேரன் சம்மதித்தாலும்.

இனிக் கைவேலை. பதிவுக்குக் கைப்பேசி போதும். விமானப் பயன்முறையில் வையுங்கள், காற்றாடியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் பேச்சு கேட்காது, எனவே காலையில் போங்கள். தொடக்கத்திலேயே பெயர், தோட்டம், தேதியைச் சொல்லிப் பதியுங்கள். முக்கால் மணிக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், அச்சில் முகம் கரைந்துபோகும். வீட்டிலேயே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அசலை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பழைய படத்தை லேமினேட் செய்வது நல்லெண்ணத்தில் நடக்கும் கொலை. அந்தச் சூடும் பசையும் ஏறிய படத்தை மறுபடி பிரிக்க முடியாது. பின்பக்கம் மென்பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், பேனா ஊறி முன்னால் வரும். செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), கோயில் கணக்குப் புத்தகம் கிடைத்தால் துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்பிளையும் முதலில் எடுங்கள். சிமெண்டுத் தரையில் பெட்டியை வைக்காதீர்கள், கரையான் ஏறும்.

பெயர்களில் நிதானம் வேண்டும். செக்ரோலில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) எழுதிய எழுத்து ஒன்று, அடையாளக் கார்டில் ஒன்று, லயத்தில் கூப்பிட்டது வேறொன்றாக இருக்கும். மூன்றையும் போடுங்கள். படத்துக்குக் கீழே "இன்னாரின் மனைவி" என்று வந்தால் அச்சகத்துக்கு அனுப்பாமல் அந்த வீட்டுக்கு மறுபடி போங்கள்.

இப்படிக்கு,
பழைய தோட்ட ஆவணங்களோடு வேலை செய்யும் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்