க்ரைம் சேனல் நண்பர்களுக்கும் வாட்ஸ்அப் அட்மின்களுக்கும் ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து நண்பர்களுக்கு வணக்கம்.

கடலூர் கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்துகிற வக்கீல் நான். பெரும்பாலும் எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. 2020-ல் சாத்தான்குளத்தில் நடந்ததை ஊர் உலகம் அறியச் செய்ததில் சமூக ஊடகத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் தண்டனை வாங்கித் தருவதாக நினைத்து நீங்கள் போடும் வீடியோ பல நேரம் என் கட்சிக்காரருக்குத்தான் உதவுகிறது.

முன்பின் தெரியாத ஒருவன் செயினை அறுத்துக்கொண்டு ஓடினான் என்று வையுங்கள். பறிகொடுத்த அம்மா அவனை அடையாளம் காட்ட வேண்டும். கேப்பர் மலை ஜெயிலில், மாஜிஸ்திரேட் முன்னிலையில், அதே வயதும் உடல்வாகும் உள்ள ஆட்களோடு அவனை நிறுத்துவார்கள். அதுவரை போலீசார் அவன் முகத்தைத் துணியால் மூடிக் கூட்டி வருவது இதற்காகத்தான். நீங்களோ அவன் இன்ஸ்டா படத்தைத் தேடிப் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு விடுகிறீர்கள். அப்புறம் குறுக்கு விசாரணையில் எனக்கு ஒரு கேள்வி போதும்.

"இவர் போட்டோவை முன்னாடியே செல்லுல பார்த்தீங்களாம்மா?"

"எங்க குரூப்ல வந்துச்சே சார்."

அடையாள அணிவகுப்பின் மதிப்பு போச்சு. பிடிபட்டவன் தப்பான ஆள் என்றால் இன்னும் மோசம். செல்லில் பார்த்த முகத்தையே அந்த அம்மா ஜெயிலிலும் மனசாரக் காட்டிவிடுவார்.

'பரபரப்பு வாக்குமூலம்' என்று வாசிக்கிறீர்களே, போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதனால் கத்தியோ நகையோ கிடைத்தால், அதற்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். இதைச் சொல்லாமல் முழுக்கதையையும் ஓட்டிவிட்டு, விடுதலையானதும் நீதிபதியைத் திட்டி கமெண்ட் வாங்குவது என்ன நியாயம்?

2024 மார்ச்சில் புதுச்சேரி முத்தியால்பேட்டைச் சிறுமி கொலைக்கு ஊர் கொதித்தது சரி. அந்தக் குழந்தையின் பெயரும் படமும் ஸ்டேட்டஸ் ஸ்டேட்டஸாகப் போனது சரியல்ல. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் இறந்த பிறகும் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. போக்சோ சட்டத்தின் 23-ம் பிரிவில் ஓராண்டு வரை சிறையும் உண்டு.

அணிவகுப்பு முடியும்வரை முகத்தைப் போடாதீர்கள். லாரன்ஸ் ரோடு கடைக்காரர் யாராவது சிசிடிவி பதிவை அனுப்பினால், டிவிஆரை (கேமரா பதிவு சேரும் பெட்டியை) முதலில் ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி டிஜிட்டல் பதிவுக்குத் தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு, அதாவது அந்தப் பதிவின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு, கேட்கிறார்கள். மியூசிக் போட்டு வெட்டிய நகலுக்கும் டிவிஆர் பதிவுக்கும் அது ஒத்தே வராது.