கீழ ட்யூன் பண்ண தடிமனான கம்பி மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க இசைப் பக்கத்துல எலெக்ட்ரிக் கிட்டார் பத்தி வந்த குறிப்பைப் படிச்சேன். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா "ட்யூனிங்கை கீழ இறக்கணும்னா இருக்கிறதுலயே தடிமனான ஸ்ட்ரிங் செட்டை வாங்கி மாட்டுங்க"ன்னு ஒரு வரி வந்திருக்கு பாருங்க, அதைப் படிச்சதும் மனசு கேக்கல. அதே பேச்சை நம்பி ஒரு வருஷம் கஷ்டப்பட்டவன் நான், அதான் எழுதுறேன்.

சாதாரண ட்யூனிங்ல 10-46 செட் (மெல்லிசான முதல் கம்பி 10, தடிமனான ஆறாவது கம்பி 46) போட்டு வாசிச்சிட்டு இருந்தேன். டிராப் சி (ஆறாவது கம்பியை சி சுருதி வரைக்கும் இறக்குற ட்யூனிங்) பாட்டுங்க மேல ஆசை வந்து அதே கம்பியை இறக்கினா ஆறாவது கம்பி தொளதொளன்னு ஆயிடுச்சு, ஃப்ரெட்ல (நெக்ல குறுக்க பதிச்ச உலோகக் கட்டை) இடிச்சு கரகரங்குது, கொஞ்சம் அழுத்தி பிக் பண்ணா சுருதி மேல எகிறி அப்புறம் மெதுவா கீழ வந்து உக்காருது. தெரிஞ்சவர் ஒருத்தர் 13ல ஆரம்பிக்கிற செட்டைப் போடுப்பான்னாரு, போட்டேன். கீழ் கம்பி கெட்டியாச்சு, சரி, ஆனா மேல் கம்பில பெண்ட் (கம்பியை விரலால தள்ளி சுருதியை ஏத்துறது) பண்ணவே முடியல, நெக் வளைஞ்சு கம்பியெல்லாம் உயரமாயிடுச்சு, நட்ல (நெக் நுனில கம்பி உக்காருற கட்டை) உள்ள பள்ளம் பழைய கம்பிக்கு வெட்டினதுங்கிறதால புதுக்கம்பி அதுல சிக்கி ட்யூன் பண்ணும்போது 'டிக்'னு தாவுது. கிட்டாரே சரியில்லன்னு நினைச்சிட்டு இருந்தேன். கணக்கு புரிஞ்சதுக்கு அப்புறம்தான் தப்பு எங்கன்னு தெரிஞ்சுது.

கம்பியோட தடிமன் அளவான கேஜ்னா ஒரு இன்ச்சுல ஆயிரத்துல எத்தனை பங்குன்னு அர்த்தம், 46ன்னா 0.046 இன்ச். அந்த 46 கம்பி 25.5 இன்ச் ஸ்கேல்ல (நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம்) ஈ சுருதில (82.4 ஹெர்ட்ஸ்) நிக்கும்போது இழுவிசை கிட்டத்தட்ட 8 கிலோ இருக்கும். இழுவிசை சுருதியோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும், இதுதான் முக்கியம். அதாவது ஒரு செமிடோன் (ஒரு ஃப்ரெட் அளவு சுருதி) இறக்கினா சுருதி 6 சதவீதம் போல குறையுது ஆனா இழுவிசை 11 சதவீதம் போயிடுது, ரெண்டு செமிடோன்னா 21 சதவீதம், நாலு இறக்கி சி-க்கு (65.4 ஹெர்ட்ஸ்) வந்தா 37 சதவீதம் காலி, 8 கிலோ இருந்தது 5 கிலோ ஆயிடும். தொளதொளக்காம என்ன பண்ணும்?

போன இழுவிசையைத் திரும்பக் கொண்டு வரணும்னா சுருதி எந்த அளவுக்குக் குறைஞ்சுதோ அதே விகிதத்துல தடிமனைக் கூட்டணும், ஒரு செமிடோனுக்கு சுமார் 6 சதவீதம். ரெண்டு செமிடோன் கீழன்னா 10க்கு பதில் 11, 46க்கு பதில் 52. நாலு செமிடோன்னா 10க்கு பதில் 12.5 பக்கம், 46க்கு பதில் 58 பக்கம். சுத்துக் கம்பிக்கு (உள் கம்பி மேல இன்னொரு கம்பி சுத்தினது) இது தோராயமான கணக்குதான், ஆனா கைக்கு நல்லாவே ஒத்து வருது.

இப்ப டிராப் சி-க்கு வாங்க. அதுல எல்லா கம்பியும் நாலு செமிடோன் இறங்கல, மேல உள்ள அஞ்சும் ரெண்டுதான் இறங்குது, ஆறாவது மட்டும்தான் நாலு. அப்ப மேல அஞ்சுக்கு 11 செட்டே போதும், ஆறாவதுக்கு மட்டும் 56 இல்ல 58 தனியா வாங்கிப் போட்டுக்கலாம். நான் முதல் கம்பியா போட்டிருந்த 13 அங்க டி சுருதில நிக்கும்போது, சாதாரண ட்யூனிங்ல 10 கம்பி இழுக்கிறதை விட மூணுல ஒரு பங்கு அதிகமா இழுக்குது, பெண்ட் வராததுக்கும் நெக் வளைஞ்சதுக்கும் அதான் காரணம். உங்க குறிப்புல இந்த ஒரு விஷயம் இருந்திருந்தாலே நிறைய பேருக்கு விரல் வலி மிச்சமாகியிருக்கும்.

தடிமன் ஏற ஏற கம்பி விறைப்பாவும் ஆகுது, சத்தம் மொத்துனு மழுங்கிடும், டிஸ்டார்ஷன் போட்டா கார்டு எது பாஸ் எதுன்னே பிரியாது. குறிப்பா மூணாவது கம்பியைப் பாருங்க, சுத்து இல்லாத வெறும் கம்பியா 20ஐத் தாண்டிட்டா மேல் ஃப்ரெட்டுகள்ல சுருதி விலகும், அங்க சுத்துக் கம்பிதான் சரி.

ஸ்கேல் லெங்த்தையும் கேக்காம யாருக்கும் கேஜ் சொல்லக்கூடாதுங்கிறது என் கருத்து. 24.75 இன்ச் கிட்டார்ல அதே கம்பி அதே சுருதில 6 சதவீதம் தளர்வா இருக்கும். 27 இன்ச் பேரிடோன்னா (கீழ் சுருதிக்குன்னே செஞ்ச நீளமான கிட்டார்) இழுவிசை 12 சதவீதம் கூட, அதாவது 25.5ல இருக்கிற அதே கம்பியை அதுல ஒரு செமிடோன் கீழ இறக்கினாலும் இழுவிசை மாறாது! ரொம்பக் கீழ போறவங்க கம்பியை மேல மேல தடிமனாக்கிறதை விட நீளமான கிட்டாருக்குப் போறது நல்லதுன்னு நான் சொல்றது அதனாலதான்.

கேஜ் மாத்தினா நட் பள்ளம், டிரஸ் ராட் (நெக் வளைவைச் சரி பண்ற உள் கம்பி), இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சரியா நிக்குறது) மூணையும் பாக்கணும், ட்ரெமலோ (சுருதியை ஆட்டுற கைப்பிடி) உள்ள கிட்டார்னா பின்னாடி ஸ்பிரிங்கையும்.

தளர்வான கம்பியே தப்புன்னும் சொல்ல வரல. பிளாக் சப்பாத் ராக் பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு தொழிற்சாலை விபத்துல வலது கையில ரெண்டு விரல் நுனி போயிடுச்சு, அவர் இடது கைக்காரர்ங்கிறதால ஃப்ரெட்ல அழுத்துற விரல்களே அதுதான். வலி தெரியாம வாசிக்க மெல்லிய கம்பியைப் போட்டு, 1971ல மூணு செமிடோன் இறக்கியும் வாசிச்சாரு. அந்தத் தளர்வுல ஒரு தனி கனம் இருக்கு, மெதுவா வாசிக்கிறவங்களுக்கு அது அழகு. வேகமா, இறுக்கமா பாம் மியூட் (உள்ளங்கையை கம்பி மேல வெச்சு சத்தத்தை அடக்குறது) பண்றவங்களுக்கு ஒத்து வராது, அவ்வளவுதான்.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க, முடிஞ்சா ஒவ்வொரு ட்யூனிங்குக்கும் ஸ்கேலுக்கும் கேஜ் எவ்வளவுன்னு ஒரு சின்ன அட்டவணையும் சேர்த்துப் போடுங்க. தமிழ்ல இது கிடைக்காம தேடிட்டு இருக்கிற பசங்க நிறைய பேர்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்