என் நாவலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாவல் வெளிவந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது நியாயமில்லை என்று தோன்றியதால் இந்த மடல்.

ஓய்வுபெற்ற தூதர் என்றால் நினைவுக் குறிப்புகள்தானே எழுதுவார், நீங்கள் ஏன் கதைப் பக்கம் போனீர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். அந்த வகைப் புத்தகங்களை நிறையவே படித்திருக்கிறேன். எல்லாப் பேச்சுவார்த்தையிலும் எழுதியவரே ஜெயித்திருப்பார். எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றி.

அதனால் முதல் நன்றி, நான் வேலை பார்த்த தூதரகங்களின் உள்ளூர் ஊழியர்களுக்கு. அதிகாரிகள் நாங்கள் சில வருடங்களில் மாற்றலாகிப் போய்விடுவோம். அவர்கள் அங்கேயே இருப்பார்கள். வெளிநாட்டில் இறந்துபோன ஒருவரின் உடலை ஊருக்கு அனுப்ப இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இளம் அதிகாரியாக இருந்த எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மூத்த பெண் எழுத்தர். பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டித்தான் ரத்து செய்வோம். உறவினர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கத்தரிக்கோலை வெளியே எடுக்கக் கூடாது என்பார் அவர். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. நாவலின் மூன்றாம் அத்தியாயம் அவருடையது.

சிறைச் சந்திப்புகளுக்கு என்னோடு வந்த மொழிபெயர்ப்பாளருக்கும் நன்றி. கைதான தன் நாட்டவரைச் சந்திக்கத் தூதரக அதிகாரிக்கு 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு உரிமை தருகிறது. உரிமை தாளில் இருக்கும். உள்ளே போய் என்ன பேசுவது? கைதி அழ ஆரம்பித்தால் இவர் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு, காவலரிடம் தண்ணீர் கேட்பார். என் கதாநாயகனுக்கு அவருடைய சுபாவத்தைத்தான் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் பதிப்பாசிரியர். தூதரகம் ஒரு அமைச்சகத்துக்கு எழுதும் ‘நோட் வெர்பால்’ என்ற அலுவல் கடிதம் படர்க்கையில்தான் இருக்கும். கடும் கண்டனமானாலும் வணக்கம் கூறித் தொடங்கி, உயர்ந்த மதிப்பை உறுதிசெய்து முடியும். பணிக்காலம் முழுக்க அப்படி எழுதிய கை எனக்கு. கணவன் மனைவி சண்டையையும் அதே மரியாதையோடு எழுதி வைத்திருந்தேன். “சார், இவங்க எப்போ கத்துவாங்க?” என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார். இப்போது நன்றாகக் கத்துகிறார்கள்.

ரகசியம் காக்கும் கடமை ஓய்வோடு முடிவதில்லை. பழைய சகா ஒருவர் அந்தக் கண்ணோடு பிரதியைப் படித்து, ஒரு துறைமுகத்தையும் ஒரு விருந்தின் தேதியையும் மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

நடுவில் எழுத்தே வராமல் கிடந்தபோது ஒரு நண்பர் ஈவோ ஆந்திரிச்சைப் பற்றிச் சொன்னார். 1941 வரை பெர்லினில் யூகோஸ்லாவியாவின் தூதர். பிறகு ஆக்கிரமிக்கப்பட்ட பெல்கிரேடில் ஒதுங்கியிருந்து எழுதியவர். 1945இல் மூன்று நாவல்களை வெளியிட்டு, 1961இல் நோபல் பரிசு வாங்கியவர். எனக்குப் பரிசெல்லாம் வேண்டாம், அந்த ஒதுங்கியிருக்கும் பழக்கம் வந்தால் போதும் என்றேன். அன்றிலிருந்து காலையில் அந்த நண்பர் எனக்குத் தொலைபேசுவதே இல்லை. அதற்கும் நன்றி.

கடைசியாக என் மனைவி. தூதரக அதிகாரியின் வாழ்க்கைத்துணைக்குப் பல நாடுகளில் வேலை பார்க்க எளிதில் அனுமதி கிடைக்காது. எங்கள் இரண்டாவது மாற்றலோடு அவர் ஆசிரியை வேலையை விட்டார். முதல் வரைவில் என் தூதரின் மனைவி விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. படித்துவிட்டு, “இவளுக்கு வேறு வேலையே இல்லையா?” என்றார். அந்த அத்தியாயத்தை அவர் சொல்லச் சொல்லத் திரும்ப எழுதினேன். படித்தவர்கள் அதைத்தான் அதிகம் பாராட்டுகிறார்கள். தயவுசெய்து வீட்டுக்கு வரும்போது இதைப் பற்றி ரொம்பப் பேசாதீர்கள்; அடுத்த நாவலுக்குச் சம்பளம் கேட்பதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உங்கள் நண்பன்