பானெட்டுக்குள்ள ஒரு கம்பி

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

ஸ்ட்ரட் டவர் பிரேஸ், அதான் முன்பக்க சஸ்பென்ஷன் மேல பாடியில மாட்டியிருக்கிற ரெண்டு இடத்தையும் (டவர்) இணைக்கிற கம்பி, அதை மாட்டினா கார் ரோட்டுல ஒட்டிக்கும்னு எழுதியிருந்தீங்க, பாதிதான் சரி. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேர்ந்த சஸ்பென்ஷன்) வண்டி வேகமா வளையும்போது ரெண்டு டவரும் இம்மி அளவு அசையும், கம்பி அதைக் கட்டிப் போடுறதால ஸ்டீயரிங் திருப்பினதும் வண்டி சட்டுனு சொன்னபடி கேக்கும், மத்தபடி கிரிப் ஒண்ணும் கூடிடாது, அது டயரோட வேலை. நான் மாட்டினது ரெண்டு முனையிலயும் கீல் மாதிரி போல்ட், எஞ்சின் கவரைத் தாண்டணும்னு நடுவுல வளைவு வேற, வளைஞ்ச கம்பி எங்க தாங்கப் போகுது, பளபளப்புதான் மிச்சம். அப்புறம் சக்கரத்தை வண்டியோட பிடிச்சு வைக்கிற கன்ட்ரோல் ஆர்ம்ல தேஞ்சுபோன ரப்பர் புஷ்ஷை மாத்தினேன் பாருங்க, அன்னைக்குத்தான் வளைவுல அலையாம போச்சு! வாங்குறவங்க நேரா ஒரே பீஸா இருக்கிறதைப் பாத்து வாங்குங்க, மாட்டினதும் பானெட்டை மெதுவா இறக்கி இடிக்குதான்னு பாத்துக்குங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்