பாறசாலைச் சேச்சிக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 10.4-ல் இருந்து 6.9-க்கு இறங்கியிருக்கிறது. கண் கலங்கிவிட்டது. அந்த ஈரம் காயும் முன்னே இதை எழுதிவிட வேண்டும்.

நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த ராத்திரி ஆட்டோ ஓட்டி வந்த தம்பி, வார்டில் கூட இருந்த மாமா, களியக்காவிளைச் சந்தையில் என் கடையைப் பூட்ட விடாமல் பார்த்துக்கொண்ட கூட்டுக்காரர்கள், சாப்பாட்டு அளவைப் பொறுமையாக விளக்கிய நர்ஸம்மா, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சேச்சி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். சரக்கெடுக்கக் கேரள எல்லை தாண்டும் நாளெல்லாம் எனக்கு அவர் கடையில்தான் ஊண். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து முதல்முதலாகப் போனபோது, நாலு பேர் நடுவே “சோறு குறைச்சுப் போடுங்க” என்று சொல்ல நாவு எழவில்லை. சிவப்பரிசிதானே, ஒன்றும் செய்யாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சிவப்பானாலும் சோறு சோறுதான், அளவுதான் கணக்கு என்று நர்ஸம்மா சொன்னது காதுக்குள்ளேயே நின்றது.

சேச்சி ஒன்றும் கேட்கவில்லை. பானைக்குப் பின்னால் இருந்து சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்து, ஒரே கிண்ணம் சோறு வைத்தார். மிச்ச இலை நிறையப் பயற்றுத் தோரன், முட்டைக்கோஸ், சாளைக் கறி. முதலில் தோரனைத் தின்னும்படி விரலால் காட்டினார். கிழங்குப் பாத்திரத்தோடு வந்த பையனைக் கண்ணாலேயே என்னைத் தாண்டிப் போக வைத்தார். பக்கத்து இலைக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

கிண்ணத்தின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன். “அம்மைக்கு வெச்சிருந்ததாணு” என்றார். கால்விரல் எடுத்த பிறகு கடைசிவரை அம்மாவுக்கு அந்த அளவுதானாம். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தில் சோறு வாங்கியவன் நான்தான்.

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்று வளர்ந்த உடம்பு இது. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய அந்தக் கிழங்கு எத்தனை வீட்டுப் பசியை ஆற்றியிருக்கிறது! அதைப் பழிக்க மனம் வராது. இனி ஞாயிறு மட்டும் இரண்டு துண்டு, அதுவும் சோற்றுக்குப் பதிலாக. கூடப்பிறந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு தம்பியையும் தங்கையையும் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போகிறேன்.

சேச்சிக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. நாளைக்கு மத்தியானக் கூட்டம் ஒழிந்ததும் இதை நானே வாசித்துக் காட்டுவேன். கையோடு எங்கள் முற்றத்து முருங்கைக்கீரை ஒரு கட்டும் கொண்டுபோகிறேன்.