வயிற்று வலிக்கும் விண்ணப்பம் போடு, கதிர்

அன்புள்ள கதிர்,

பணியில் வந்த நோய்க்கு அமெரிக்காவின் முன்னாள் படையினர் துறையான வி.ஏ. மாதாமாதம் தரும் ஊன உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடு என்றேன். "அதெல்லாம் கை கால் போனவங்களுக்குப்பா, வயித்து வலிக்கு யார் கொடுப்பாங்க" என்று போனில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். ஆனால் நீ சொன்னது சரியில்லை.

1990 ஆகஸ்ட் 2 முதல் வளைகுடாப் பகுதியில் பணி செய்த அமெரிக்கப் படையினருக்கு ஐ.பி.எஸ். என்கிற இந்தக் குடல் கோளாறு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது பணியால் வந்தது என்றே வி.ஏ. எடுத்துக்கொள்கிறது. குவைத்தும் அதில் சேர்த்திதான். தண்ணீரால் வந்ததா, தூசியால் வந்ததா என்று நீ நிரூபிக்க வேண்டியதில்லை. இத்தனை வருடத்துக்குள் நோய் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்பு இருந்த கெடுவையும் 2022இல் வந்த பாக்ட் சட்டம் எடுத்துவிட்டது. தமிழ் தெரிந்த பையன் என்று, வெளிநாட்டவரை ராணுவத்தில் எடுக்கும் மாவ்னி திட்டத்தில் சேர்த்துக்கொண்டு உன்னை அங்கே அனுப்பியவர்கள் அவர்கள். கேட்பதில் என்ன கூச்சம்?

கருவூலத்தில் பென்ஷன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், முதலில் தேதியைப் பிடி. விண்ணப்பிக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே தெரிவிக்க 'இன்டென்ட் டு ஃபைல்' என்று ஒரு படிவம் இருக்கிறது. அதைப் போட்டு ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்து, அது அனுமதியானால், பணம் பெரும்பாலும் அந்த முதல் தேதியிலிருந்தே கணக்காகும். காகிதம் எல்லாம் சேரட்டும் என்று காத்திருந்தால் போகிற மாதங்கள் போனதுதான்.

அப்புறம், வலியை எழுதி வை. 2024 மே 19 முதல் விதி மாறியிருக்கிறது. இந்த நோய்க்கு வி.ஏ. போடும் ஊன மதிப்பீடு அதிகபட்சம் 30 சதவீதம், அதை வைத்துத்தான் தொகை. அந்த 30 கிடைக்க, கடந்த மூன்று மாதத்தில், மலம் கழிப்பதோடு சேர்ந்த வயிற்று வலி வாரத்துக்கு ஒரு நாளாவது இருந்திருக்க வேண்டும். கூடவே வயிறு உப்புவது, அவசரமாகப் போக வேண்டியிருப்பது, போகிற தடவை கூடுவது குறைவது, சளி போவது மாதிரி அறிகுறிகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மாதம் மூன்று நாள் என்றால் 20. மூன்று மாதத்தில் ஒரு தடவை என்றால் 10. தேதி போட்டு நோட்டில் எழுதியிருந்தால் உன் டாக்டரிடமும் காட்டலாம், அவர் அதைப் பதிவில் ஏற்றுவார்.

வி.ஏ. அனுப்பும் டாக்டர் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால், வழக்கம்போல "பரவாயில்லை" என்று சொல்லிவிடாதே. எனக்கு இதுதான் பெரிய கவலை. உன் தங்கை கல்யாணத்தில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நீ முதலில் விசாரித்தது பாத்ரூம் எங்கே என்றுதான். பந்தியில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மோர் சாதம் மட்டும் சாப்பிட்டாய். தாலி கட்டும் நேரத்தில் உன்னைக் காணோம் என்று அம்மா தேடினாள். அதையெல்லாம் அப்படியே சொல். காரை எத்தனை இடத்தில் நிறுத்துகிறாய், எத்தனை நாள் வேலைக்கு லீவு போடுகிறாய் என்று மருமகளையும் ஒரு வாக்குமூலம் எழுதித் தரச் சொல். கூட இருப்பவர்கள் எழுதுவதையும் அவர்கள் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

யாருக்கும் காசு கொடுக்காதே. முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்க வக்கீலுக்குக்கூட அனுமதி இல்லை. டிஸேபிள்டு அமெரிக்கன் வெட்டரன்ஸ் மாதிரி அமைப்புகள் இலவசமாகவே செய்து தருகின்றன. மறுத்துவிட்டாலும் பயமில்லை, மறுபரிசீலனைக்கு ஒரு வருடம் உண்டு.

2025 கணக்கில் 10 சதவீதத்துக்கு மாதம் 175 டாலர் சொச்சம் இருந்தது. 30 என்றால் தனி ஆளுக்கே 537க்கு மேல் இருந்தது, மனைவி இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வரி கிடையாது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, பணியால் வந்த நோய் என்று பதிவாகிவிட்டால் இதற்கான வைத்தியத்தை வி.ஏ. இலவசமாகப் பார்க்கும் என்பது. செலவை நினைத்து நீ டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவது எனக்குத் தெரியும்.

இன்று ராத்திரியே அந்த முதல் படிவத்தைப் போட்டுவிட்டு, தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அப்பா