ஏரியை ஒற்றை எண்ணால் திறக்காதீர்கள்: ஏரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

உறைந்த ஏரிகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும் குளிர்காலப் பாதுகாப்பு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

குளிர்காலத்தில் ஏரிக்கரையில் நீங்கள் நடும் அறிவிப்பில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது: ஐஸ் இத்தனை சென்டிமீட்டர் கனம். எண் பத்தைத் தாண்டினால் ஏரி திறப்பு, தாண்டாவிட்டால் மூடல். நடந்து போகிறவருக்கு இது ஓரளவு போதும். காலடி வைக்கும்போதே ஐஸின் நிறத்தையும் சத்தத்தையும் கவனிக்க, சந்தேகம் வந்த இடத்தில் நின்றுவிட அவருக்கு நேரம் இருக்கிறது. பாய் பிடித்துப் போகும் விண்ட்சர்ஃபருக்கு அந்த நேரம் இல்லை. மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 14 மீட்டர். நீங்கள் துளை போட்டு அளந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சேர அவருக்கு 72 நொடி போதும். அங்கே ஐஸ் எப்படி இருக்கிறது என்று உங்கள் அறிவிப்பு எதுவும் சொல்வதில்லை.

உறைந்த ஏரிகளில் பாய்மரம் ஓட்டும் எங்கள் கோரிக்கை இதுதான்: ஏரியை ஒற்றை எண்ணை வைத்துத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். வரைபடத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதற்கு விதி எழுத முடியாது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம். கோடையில் தண்ணீரில் ஓடும் அதே பாய்தான். அடியில் இருக்கும் சறுக்குப் பலகை மட்டும் வேறு. ஒட்டுப்பலகையில் செய்த தளம். முன்னும் பின்னும் ஸ்கேட்போர்டில் இருப்பது போன்ற அச்சு. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் எஃகு பிளேடுகள். உடலைச் சாய்த்த பக்கம் பலகை திரும்பும். இறுகிய பனி மேலே படிந்திருந்தால் பிளேடைக் கழற்றிவிட்டு ஸ்கீ பூட்டுவார்கள். பாய்மரம் எந்தப் பக்கமும் மடங்கும் ஒரு மூட்டின் மேல் நிற்கிறது. பூமை, அதாவது பாயைப் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பை, விட்டால் பாய் தானாக விழுந்துவிடும். பிரேக் கிடையாது. காற்றுக்கு நேராகத் திரும்பிப் பாயைத் தளர்த்துவதுதான் நிற்கும் வழி. அதற்குப் பல பத்து மீட்டர் இடம் வேண்டும்.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது என்று பலர் வியப்பார்கள். கூரான எஃகுக்கும் ஐஸுக்கும் இடையே உராய்வு மிகச் சொற்பம். பலகை ஓட ஓட அதன் ஓட்டமே கூடுதல் காற்றை உண்டாக்குகிறது. அந்தக் காற்றையும் பாய் பிடித்துக்கொள்கிறது. நொடிக்கு 6 மீட்டர் காற்றில், அதாவது மணிக்கு 22 கி.மீ. காற்றில், அதைப்போல் இரண்டு மடங்கு வேகம் சாதாரணம். போதாக்குறைக்கு, மைனஸ் 15 டிகிரியில் இருக்கும் காற்று 20 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அடர்த்தி அதிகம். அதே காற்று, அதே பாய், ஆனால் இழுப்பு கூடுதல். தண்ணீரில் ஓட்டும் பாயைவிடச் சிறிய பாயை ஐஸில் எடுக்க வேண்டும் என்பது இதனால்தான். புதிதாக வருகிறவர்கள் முதலில் தவறுவதும் இதிலேதான்.

இனி ஐஸுக்கு வருவோம். இந்த மடலில் ஏரி உறைந்து உண்டான தட்டை ஐஸ் என்றும், மேலிருந்து விழுவதைப் பனி என்றும் எழுதுகிறோம். இரண்டையும் குழப்பினால் அளவு முழுக்கத் தப்பாகிவிடும்.

ஐஸ் தாங்கும் எடையைக் கணக்கிடக் கனடாவின் ஐஸ் ஆய்வாளர் லோர்ன் கோல்ட் 1971-ல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கனத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 3.5-ஆல் பெருக்கினால் கிலோகிராம் வரும். 10 செ.மீ. என்றால் 350 கிலோ. 7 செ.மீ. என்றால் 171. 5 செ.மீ. என்றால் 87 மட்டுமே. ஆளும் பாயும் பலகையும் சேர்ந்து சுமார் 100 கிலோ வரும். எனவே 10 செ.மீ. என்ற வரம்பை நாங்களும் ஏற்கிறோம். அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த 10 செ.மீ. முழுவதும் தெளிந்த, கருமையாகத் தெரியும் ஐஸாக இருக்க வேண்டும். பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸின் பலத்தைப் பாதியாகத்தான் எண்ண வேண்டும். 4 செ.மீ. கருப்பு ஐஸின் மேல் 8 செ.மீ. வெள்ளை ஐஸ் இருந்தால் அளவுகோல் 12 காட்டும். கணக்கில் எடுக்க வேண்டியது 8 மட்டுமே. அளவுகோல் பொய் சொல்லவில்லை. துளையின் ஓரத்தைக் குனிந்து பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதிக்கொள்வதுதான் தவறு.

துளை போடுகிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். ஆகர் (ஐஸைத் துளைக்கும் திருகுக் கருவி) அடிவரை இறங்கியதும் தூளைக் கையால் வழித்து எடுக்க வேண்டும். முனையில் கொக்கி வளைந்த அளவுகோலைத் துளைக்குள் விட்டு, கொக்கி ஐஸின் அடிப்பக்கத்தில் மாட்டும்வரை மேலே இழுக்க வேண்டும். மொத்தக் கனத்தை எழுதிக்கொண்டபின், துளைச் சுவரில் வெள்ளை முடிந்து கருமை தொடங்கும் கோட்டைப் பார்த்து இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். நடுவில் தண்ணீர் அடுக்கு இருந்தால் அதற்குக் கீழே உள்ள ஐஸைச் சேர்த்து எண்ணக் கூடாது. ஒரு துளைக்கு இரண்டு நிமிடம் ஆகலாம்.

எத்தனை துளை, எங்கே? கரையோரத்தில் ஒன்று போட்டு முடிப்பதுதான் எங்களை அதிகம் அஞ்ச வைக்கிறது. பெரிய ஏரியில் காற்று அலைத்துக்கொண்டே இருப்பதால் நடுப்பகுதி கடைசியாகத்தான் உறையும். கரையில் 14 இருக்கும் நாளில் நடுவில் 6 இருக்கலாம். பனி விழுந்த இடமும் விழாத இடமும்கூட ஒன்றல்ல. பனி போர்வைபோல் மூடிக் குளிரை உள்ளே இறங்கவிடாது. குளிரைக் கொண்டு ஐஸின் கனத்தை மதிப்பிட ஒரு கணக்கு உண்டு. ஐஸ் பிடித்தபின் தினமும் சராசரியாக மைனஸ் 5 டிகிரி வீதம் ஐந்து நாள் போனால் கூட்டுத்தொகை 25, அதன் வர்க்கமூலம் 5. பனியில்லாமல் காற்று வீசும் ஏரிக்கு அதை 2.7-ஆல் பெருக்கினால் 13.5 செ.மீ. வரும், பனி மூடிய ஏரிக்கு 1.7-ஆல் பெருக்கினால் 8.5 செ.மீ. வரும். குளிர் ஒன்று, நாட்கள் ஒன்று, விளைவு வேறு. இந்தக் கணக்கு துளைக்கு மாற்று ஆகாது. எங்கே துளை போட வேண்டும் என்று காட்டித்தரும், அவ்வளவே.

ஆகவே பாய்மரம் ஓடும் பரப்பின் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் எடுத்து, 150 முதல் 200 மீட்டருக்கு ஒன்று வீதம் துளை போடுங்கள். நிறம் மாறும் இடத்தில் கூடுதலாக ஒன்று. அளந்த எல்லைக்குள் மட்டும் கொடிக்கம்பு நட்டு ஓட்ட அனுமதியுங்கள். ஏரி முழுவதும் திறக்க வேண்டிய தேவையே இல்லை. 600 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் உள்ள நல்ல ஐஸ் கிடைத்தால் ஒரு நாள் முழுக்க ஓட்டலாம்.

எவ்வளவு குளிர் அடித்தாலும் நம்ப முடியாத இடங்கள் சில உண்டு. அவற்றை அளக்காமலே வரைபடத்தில் சிவப்பில் போட்டுவிடலாம். ஓடை வந்து விழும் வாயும், ஏரி வடியும் வாயும். பாலத்தின் அடி. நாணல் நிற்கும் ஓரம். தண்டுகள் வெயிலை வாங்கிச் சுற்றியுள்ள ஐஸை உருக்கும். அடியில் ஊற்று இருக்கும் இடம். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, படகுத்துறைகளில் ஐஸ் பிடிக்காமலிருக்க விடும் காற்றுக்குமிழ்க் குழாய்கள். அவை அடியிலுள்ள வெதுவெதுப்பான தண்ணீரை மேலே தள்ளுகின்றன. தண்ணீர் திறந்து தெரியும் இடம் சிறிதாக இருந்தாலும் சுற்றி வெகுதூரம் ஐஸ் மெலிந்திருக்கும், மேலே பனி மூடியிருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எந்தத் துறையில் குழாய் ஓடுகிறது என்ற பட்டியல் உங்களிடம்தான் இருக்கும். அதை வெளியிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம்.

அழுத்த முகடுகளும் வரைபடத்தில் வர வேண்டும். வெப்பநிலை ஏறி இறங்கும்போது ஐஸ் தட்டு விரிந்து சுருங்கி, ஓரிடத்தில் முட்டிக்கொண்டு மேடாகிறது. மேட்டின் பக்கத்தில் ஐஸ் தாழ்ந்து, அதில் தண்ணீர் தேங்கி, மெல்லிய புதுப் படலம் பிடித்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வழவழவென்று ஓட்டக் கூப்பிடுகிற இடம்போலத் தெரியும். முகடு நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. காலையில் யாரும் பாய் ஏற்றும் முன்பு இருவர் சறுக்கு ஷூவில், கையில் இரும்பு முனைக் கம்போடு, எல்லையைச் சுற்றி வர வேண்டும். ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும்.

தூண்டில் போடுகிறவர்களோடு எங்களுக்குச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் கைவிட்டுப் போகும் துளை எங்களுக்கு ஆபத்து. 20 செ.மீ. துளைக்குள் முன் பிளேடு இறங்கினால் பலகை அங்கேயே நின்றுவிடும். ஆள் மட்டும் பாயோடு முன்னால் எறியப்படுவார். விட்டுப்போகும் துளையருகே ஒரு கிளையையாவது நட்டுவிட்டுப் போக வேண்டும் என்று விதி போடுங்கள். பதிலுக்கு, உட்கார்ந்திருக்கும் எவருக்கும் 50 மீட்டருக்குள் பாய் வரக் கூடாது என்று எங்களுக்கும் விதி போடுங்கள். நிற்கிறவருக்கே எப்போதும் வழியுரிமை. இரண்டு பாய்கள் எதிரெதிரே வந்தால், வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்குபவருக்கு மற்றவர் வழிவிட வேண்டும் என்ற தண்ணீர் விதியே இங்கும் பொருந்தும்.

வாகனங்களுக்கான வேகவரம்பை எங்களுக்கும் போடுவதில் பயன் இல்லை. கார் ஐஸின் மேல் ஓடும்போது அடியில் தண்ணீரில் அலை எழும்புகிறது. வேகம் அந்த அலையின் வேகத்தோடு ஒத்துப்போனால் தட்டு உடையலாம். அது வாகனத்தின் எடையால் வரும் சிக்கல். 100 கிலோவுக்கு எழும்பும் அலை அற்பம். எங்களுக்கு ஆபத்து முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவதில்தான்.

வேகத்தைக் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டுக் கருவிகளைக் கட்டாயமாக்குங்கள். ஹெல்மெட், முழங்கால் முழங்கைக் காப்பு, மிதவை உடுப்பு, விசில், மார்பின் மேல் தொங்கும் ஒரு ஜோடி ஐஸ் குத்தூசி. குத்தூசி பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம்தான், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் என்று மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் கணக்குச் சொல்கிறார். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்த திசையை நோக்கித் திரும்பி, கால்களை உதைத்து உடலைப் படுக்கையாக்கி, குத்தூசியை ஐஸில் குத்தி இழுத்து ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும்.

கருவி பழுதும் விபத்தில் கொண்டுபோய் விடும். பாய்மர மூட்டில் உள்ள பாலியூரித்தேன் குளிரில் விறைத்து வெடிக்கும். அதனால் மூட்டின் மேல் ஒரு பாதுகாப்புக் கயிறு இல்லாமல் எவரையும் ஐஸில் இறங்கவிடக் கூடாது. கண்ணாடிபோன்ற ஃபிலிம் வைத்த பாய் கடும் குளிரில் மடங்கினால் கீறிவிடும். துணிப் பாய் நல்லது. பிளேடின் விளிம்பு மழுங்கினால் பலகை பக்கவாட்டில் வழுக்கும். மைனஸ் 10 டிகிரியில் 40 கி.மீ. காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 21 போலத்தான். மூக்கும் கன்னமும் மூடியிருக்க வேண்டும்.

கரையில் ஒரு கம்பத்தில் 20 மீட்டர் எறிகயிறு, ஒரு ஏணி, ஒரு மிதவை வளையம். மூன்றும் பனியில் புதையாத உயரத்தில், பூட்டில்லாமல் இருக்கட்டும். கயிறு ஈரமாகிக் கட்டியாக உறைந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை யாராவது அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இளவேனில். நாங்கள் மூடச் சொல்லிக் கேட்கும் காலம் இது. வெயில் ஏறியதும் ஐஸ் செங்குத்தான படிகங்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் மெழுகுவத்திக் கட்டுபோல் நிற்கும். 30 செ.மீ. கனம் இருந்தும் ஆளைத் தாங்காது. கோல்டின் சூத்திரம் அதற்குச் செல்லாது. இரவிலும் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காமல் இரண்டு நாள் போனாலோ, கரையோரம் ஐஸ் விலகித் தண்ணீர் தெரிந்தாலோ, அளவுகோல் எந்த எண்ணைக் காட்டினாலும் கொடிகளைப் பிடுங்கிவிடுங்கள். அன்று எவராவது வந்து கனத்தைக் காட்டி வாதாடினால், அவர் எங்களில் ஒருவராகவே இருந்தாலும், விடாதீர்கள்.

இப்படிக்கு,
உறைந்த ஏரிகளில் பாய்மரம் ஓட்டுபவர்கள்